மன்னிக்கிற அதிகாரம் யார் கையில்?
வாசகர் கேள்வி – பதில்

பாவமன்னிப்பு பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சபைக்குச் சபை சொல் மாறும். குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதைப் பெரியவர்கள் ‘பாவசங்கீர்த்தனம்’ என்பதும் இன்றைய கத்தோலிக்க நூல்கள் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்பதும் ஒன்றே. கேட்டவர் எந்தச் சொல்லில் கேட்டாரோ அதிலேயே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனிடம் இயேசு “உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன” என்றுதான் சொல்கிறார். “நான் மன்னிக்கிறேன்” என்று சொல்லவில்லை. நாத்தான் தீர்க்கதரிசியும் தாவீதிடம் ஏறக்குறைய இதைத்தானே சொன்னார்? அப்புறம் வேதபாரகர் ஏன் தேவதூஷணம் என்று கொதித்தார்கள்?
– வாசகர், மதுரை

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நாத்தான் சொன்னது, “கர்த்தர் உன் பாவம் நீங்கச் செய்தார்” (2 சாமுவேல் 12:13). செய்தவர் யார் என்பது வாக்கியத்திலேயே இருக்கிறது. நாத்தான் சேதி கொண்டுவந்த ஆள், அவ்வளவுதான். திமிர்வாதக்காரனிடம் கப்பர்நகூம் வீட்டில் இயேசு சொன்ன வாக்கியத்தில் செய்தவர் பெயர் இல்லை. கடவுளின் பெயரைச் சொல்லாமல் செயப்பாட்டு வினையில் பேசுவது யூதர்களுக்குப் பழக்கம்தான். லேவியராகமம் 4-ஆம் அதிகாரமும் ‘அது அவனுக்கு மன்னிக்கப்படும்’ என்றே திரும்பத் திரும்ப முடிகிறது. ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது.

ஆனால் லேவியராகமத்தில் அந்த வரி வருவதற்கு முன்னால் என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்று பாருங்கள். பாவம் செய்த சாதாரண ஆள் பழுதில்லாத பெண் வெள்ளாடு ஒன்றை ஓட்டிவர வேண்டும். அதன் தலைமேல் கை வைத்துக் கொல்ல வேண்டும். ஆசாரியர் ரத்தத்தை விரலால் தொட்டுப் பலிபீடத்தின் கொம்புகளில் பூசி, மீதியை அடியில் ஊற்றி, கொழுப்பை எரிக்க வேண்டும். ஆட்டுக்கு வசதி இல்லாதவருக்கு இரண்டு புறா. அதற்கும் வழியில்லாதவருக்கு எப்பா என்ற அளவையில் பத்தில் ஒரு பங்கு மாவு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் ‘மன்னிக்கப்படும்’. இயேசுவின் காலத்தில் இது நடக்கும் ஒரே இடம் எருசலேம் ஆலயம். கப்பர்நகூமோ வடக்கே கலிலேயாக் கடலோரத்தில் இருந்த ஊர். அந்த வீட்டில் ஆடு இல்லை, ஆசாரியர் இல்லை, பலிபீடம் இல்லை. படுக்கையில் கிடந்தவர் தன் பாவம் இன்னது என்று வாய் திறந்ததாகக்கூட எழுதவில்லை. நான்கு பேர் கூரையைப் பிரித்து இறக்கினார்கள், ஒரு வார்த்தை வந்தது, காரியம் முடிந்தது. வேதபாரகர் கொதித்தது இதற்குத்தான்.

(கூரையைப் பற்றி ஒரு சின்ன விஷயம். மாற்கு ‘தோண்டி’ என்கிறார். மரச்சட்டம், கிளை, மண் பூச்சு என்று போட்ட கலிலேயக் கூரைக்கு அந்தச் சொல் பொருந்தும். லூக்கா ‘ஓடுகள் வழியாக’ என்று எழுதுகிறார்.)

அடுத்து இயேசுவே முடிச்சை இறுக்குகிறார்: “பூமியிலே பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டு.” தானியேல் 7:14-இல் மனுஷகுமாரனைப் போன்ற ஒருவருக்கு ஆளுகை கொடுக்கப்படுகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கே வரும் சொல்லும் மாற்கு எழுதும் ‘அதிகாரம்’ என்ற சொல்லும் ஒன்று: எக்ஸூஸியா. வெறும் பலம் அல்ல, செய்யும் உரிமை. அந்த உரிமையை நிரூபிக்கத்தான் “எது எளிது?” என்ற கேள்வி. மன்னித்தேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சரிபார்க்க வழி கிடையாது. எழுந்து நட என்று சொன்னால் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரிவதைச் செய்துகாட்டி, தெரியாததற்குச் சாட்சி வைக்கிறார்.

கேள்வி: மத்தியஸ்தர் ஒருவரே என்கிறது 1 தீமோத்தேயு 2:5. நாங்கள் சி.எஸ்.ஐ. குடும்பம். பாவத்தை நேராக ஆண்டவரிடம் அறிக்கையிட்டால் போதாதா? இன்னொரு மனிதரிடம் ஏன் சொல்ல வேண்டும்?
– வாசகி, திருநெல்வேலி

உங்கள் ஞாயிறு ஆராதனையை ஒரு முறை கவனியுங்கள். எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்ன பிறகு ஐயர் (போதகர்) எழுந்து மன்னிப்பின் வார்த்தையைக் கூறுகிறார். அதை ஏன் சபையே சொல்லிக்கொள்வதில்லை? 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் சேர்ந்த ஆங்கிலிக்கன் மரபில் இதற்கு வேர் இருக்கிறது. 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் ஒன்றிலேயே மூன்று விதமான வாசகம் உண்டு. காலை ஜெபத்தில் குருவானவர் ‘மனந்திரும்புகிறவர்களைக் கடவுள் மன்னிக்கிறார்’ என்று அறிவிக்கிறார். நற்கருணை ஆராதனையில் ‘உங்களை மன்னிப்பாராக’ என்று வேண்டுகிறார். நோயாளியைச் சந்திக்கும் முறைமையில், மனச்சாட்சி உறுத்தி அவர் அறிக்கையிட்டால், ‘கிறிஸ்து தந்த அதிகாரத்தால் உன்னை விடுவிக்கிறேன்’ என்கிறார். அறிவிப்பு, வேண்டுதல், தீர்ப்பு என்று மூன்றும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன.

சண்டையெல்லாம் இந்த மூன்றில் எது என்பதில்தான். உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, நீங்கள் மன்னித்தால் மன்னிக்கப்படும், மன்னியாதிருந்தால் மன்னியாதிருக்கும் என்ற வசனம் (யோவான் 20:22-23) எல்லாருக்கும் பொது. கத்தோலிக்கம் அதன் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொள்கிறது: எதை மன்னிப்பது, எதை நிறுத்திவைப்பது என்று தீர்மானிக்க வேண்டுமானால் பாவம் இன்னது என்று கேட்டாக வேண்டுமே! 1551-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம், இது வெறும் அறிவிப்பு அல்ல, நீதிபதி தீர்ப்பு வழங்குவதைப் போன்ற செயல் என்று வரையறுத்தது. லூத்தரைப் பலரும் பாவசங்கீர்த்தனத்தை ஒழித்தவர் என்று நினைக்கிறார்கள். அது தவறு. தனி மன்னிப்பைச் சபைகளில் விட்டுவிடக் கூடாது என்கிறது லூத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 11-ஆவது பிரிவு. பாவங்களை ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்லும் கட்டாயத்தைத்தான் அது எடுத்துவிட்டது. லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தில் போதகர் கேட்கும் கேள்வி: என் மன்னிப்பு கடவுளின் மன்னிப்பு என்று நம்புகிறாயா? கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைகளில் குரு நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்வதில்லை. திருவுருவப் படத்துக்கு முன்னால் உங்கள் பக்கத்தில் நின்று, கடைசியில் தன் கழுத்துப் பட்டையை உங்கள் தலைமேல் போட்டு, பாவியாகிய என் வழியாகக் கடவுள் உன்னை மன்னிப்பாராக என்று ஜெபிக்கிறார்.

நேராகச் சொல்வதற்கு 1 யோவான் 1:9 இருக்கிறது. அதை எந்தச் சபையும் மறுக்கவில்லை. ஆனால் ‘மனிதரிடம் சொல்வது வேதத்தில் இல்லை’ என்று மேடையில் முழங்குகிறவர்கள், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16-ஐத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

கேள்வி: பாவசங்கீர்த்தனம் செய்து இருபது வருடம் ஆகிறது. எப்படித் தொடங்குவது என்றே மறந்துபோய்விட்டது.
– வாசகர், திண்டுக்கல்

ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கும் நேரத்தில் போய் வரிசையில் நிற்காதீர்கள். பின்னால் பத்துப் பேர் நிற்க, இருபது வருடத்தை மூன்று நிமிடத்தில் அடக்க முடியாது. வார நாளில் பங்குத்தந்தையிடம் நேரம் கேட்டு வாங்குங்கள். முகம் தெரிய வேண்டாம் என்றால் பக்கத்துப் பங்குக்குப் போகலாம். கம்பித் தடுப்புள்ள பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிடுவது உங்கள் உரிமை. திருச்சபைச் சட்டமே அந்தத் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது.

முந்தின நாள் அரைமணி நேரம் தனியாக உட்காருங்கள். பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே விழுந்தோம் என்று பாருங்கள். கட்டாயமாகச் சொல்ல வேண்டியது சாவான பாவம். அதற்கு மூன்று சேர வேண்டும்: விஷயம் கனமானது, அது கனமானது என்று தெரியும், தெரிந்தும் மனம் ஒப்பிச் செய்தது. ஒன்று குறைந்தாலும் அற்பப் பாவம்; அதைச் சொல்வது நல்லது, கட்டாயமில்லை. ஞாபகத்துக்குத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள். சட்டைப் பையில் விட்டுச் சலவைக்குப் போட்ட கதைகள் உண்டு.

உள்ளே போனதும் சிலுவை அடையாளம். கடைசியாகச் செய்து இருபது வருடம் ஆயிற்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றதைக் கேட்டுக் கேட்டு எடுப்பது குருவின் வேலை. பிறகு பாவத்தின் வகையும் எண்ணிக்கையும். சரியான எண் தெரியாது என்றால் ‘ஐந்து வருடமாக, மாதம் இரண்டு மூன்று தடவை’ என்ற அளவு போதும். பாவத்தின் தன்மையையே மாற்றும் சூழ்நிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: திருடினேன் என்பது ஒன்று, கோயில் பணத்தைத் திருடினேன் என்பது வேறு. குரு அறிவுரை சொல்லி, அபராதம் (பரிகாரமாகச் செய்ய வேண்டிய ஜெபமோ நற்செயலோ) கொடுப்பார். நீங்கள் பாவத்துக்காக வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்வீர்கள். பாதியில் நின்றுபோனால் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். அவர் கை நீட்டிச் சொல்லும் நீண்ட வாசகத்தில் உயிர்நாடியான வரி ‘தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே உன் பாவங்களை மன்னிக்கிறேன்’ என்பது. அதுவரை எழுந்துவிடாதீர்கள். ஆறுதல் வார்த்தையோடு பேச்சு முடிந்து அந்த வரி வரவில்லை என்றால், ‘ஃபாதர், மன்னிப்பு கொடுத்துவிடுங்கள்’ என்று கேட்பதில் தவறே இல்லை.

வழக்கமாகக் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, ‘எல்லாப் பாவமும் செஞ்சிருக்கேன் சாமி’ என்று மொத்தமாக மூட்டை கட்டுவது. இன்னொன்று, மாமியார் செய்ததையும் மைத்துனர் செய்ததையும் சொல்லிவிட்டு எழுந்து வருவது.

கேள்வி: வெட்கப்பட்டு ஒரு பெரிய பாவத்தை மட்டும் சொல்லாமல் விட்டேன். மற்றவை மன்னிக்கப்பட்டனவா?
– பெயர் வேண்டாம்

இல்லை. சாவான பாவம் என்று தெரிந்தே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனம் முழுவதுமே செல்லாது. அதோடு அது திருச்சடங்கை அவமதித்த பாவமும் ஆகும். அடுத்த முறை மறைத்ததையும், அன்று சொன்ன சாவான பாவங்களையும், அதற்குப் பிறகு செய்தவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ஃபாதர், முன்பு ஒன்றை மறைத்துவிட்டேன்’ என்று அந்த வாக்கியத்தோடேயே தொடங்குங்கள். கஷ்டமான பகுதி முதலிலேயே தீர்ந்துவிடும்.

மறந்துபோனது வேறு. தேடிப் பார்த்தும் நினைவுக்கு வராத பாவம் மற்றவற்றோடு மன்னிக்கப்பட்டுவிட்டது. நற்கருணை வாங்கத் தடையில்லை. பின்னால் ஞாபகம் வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும்.

கேள்வி: வேலை பார்த்த கடையில் கல்லாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நாற்பதாயிரம் ரூபாய் எடுத்தேன். பாவசங்கீர்த்தனம் செய்தேன். அபராதமாக ஜெபமாலை ஒன்று சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். கணக்கு முடிந்துவிட்டதா?
– பெயர் வேண்டாம்

கடவுளோடு உள்ள கணக்கும் கடைக்காரரோடு உள்ள கணக்கும் வேறு வேறு. மன்னிப்பு பாவத்தைத் தீர்க்கும். முதலாளியின் நாற்பதாயிரத்தை அவர் கையில் கொண்டுபோய் வைக்காது. ஜெபமாலை அபராதம். திருப்பிக் கொடுப்பது நீதி. அதைக் குரு சொல்ல மறந்திருந்தாலும் கடமை நிற்கிறது.

நேரில் போய் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர் தெரியாமல் உறையில் வைத்து அனுப்பலாம். குருவே கொண்டுபோய்ச் சேர்க்க ஒப்புக்கொண்டால் அவர் மூலமாகக் கொடுக்கலாம், உங்கள் பெயர் வெளியே வராது. ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணையாக. முதலாளி இறந்துவிட்டால் வாரிசுகளுக்கு. யாரையுமே கண்டுபிடிக்க முடியாது என்றால்தான் ஏழைகளுக்கு. பலர் செய்யும் தவறு, உரியவர் உயிரோடு நாலு தெரு தள்ளி இருக்கும்போது பணத்தைக் கோயில் உண்டியலில் போடுவது. அடுத்தவர் பணத்தில் காணிக்கை போட்ட கணக்குத்தான் அது. லூக்கா 19-இல் சகேயு நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்றது ஏமாற்றப்பட்டவர்களுக்கு. ஏழைகளுக்குத் தந்த பாதி ஆஸ்தி அதில் சேராது.

பாவசங்கீர்த்தனம் செய்தபோது திருப்பித் தரும் எண்ணம் உண்மையாக இருந்து, பிறகு கையில் பணமில்லாமல் தள்ளிப்போனால் மன்னிப்பு நிற்கும். ‘சொல்லிவிட்டால் தீர்ந்தது, பணம் நம்மிடமே இருக்கட்டும்’ என்று நினைத்து முழங்காலிட்டிருந்தால் மனஸ்தாபமே இல்லை. மனஸ்தாபம் இல்லாத இடத்தில் குரு சொன்ன மன்னிப்பு ஒட்டாது.

கேள்வி: துபாயில் இருக்கிறேன். ஊர்ச் சாமியாரிடம் வீடியோ காலில் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?
– வாசகர்

செல்லாது. குருவும் பாவியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஆலோசனை கேட்கலாம், ஜெபிக்கச் சொல்லலாம். துபாயில் ஆலயம் இருக்கிறது. மொழி இடித்தால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளவும் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது (பிரிவு 990). அவரும் ரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர்.

கேள்வி: வேளாங்கண்ணித் திருவிழாவில் அவ்வளவு கூட்டம். எல்லாருக்கும் ஒரேயடியாக மன்னிப்பு கொடுத்துவிடலாமே? பூசையின் தொடக்கத்திலும் மன்னிப்பு ஜெபம் வருகிறதே, அது போதாதா?
– வாசகி, நாகப்பட்டினம்

பொது மன்னிப்பு என்று ஒன்று உண்டு. கப்பல் மூழ்குகிறது, போர்முனை, ஒவ்வொருவராகக் கேட்க நேரமில்லை என்ற சாவு ஆபத்தில் கொடுக்கலாம். அல்லது போதுமான குருக்கள் இல்லாமல், மக்கள் தங்கள் குற்றமின்றியே நெடுநாள் அருளும் நற்கருணையும் இல்லாமல் இருக்க நேரும் கடும் தேவையில். அந்தத் தேவை உண்டா என்பதை ஆயர்தான் தீர்மானிப்பார். உங்கள் கேள்விக்குத் திருச்சபைச் சட்டத்தின் 961-ஆம் பிரிவு பெயர் சொல்லாத குறையாகப் பதில் வைத்திருக்கிறது: பெருவிழாவிலோ திருயாத்திரையிலோ கூட்டம் அதிகம் என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது. பொது மன்னிப்பு பெற்றவரும், அந்தக் கனமான பாவங்களை வாய்ப்பு கிடைத்ததும் தனியாகச் சொல்லும் எண்ணத்தோடு பெற்றால்தான் செல்லும்.

பூசைத் தொடக்கத்தில் குரு சொல்வது வேண்டுதல். அதற்கு ஒப்புரவு அருட்சாதனத்தின் பலன் இல்லை என்று திருப்பலி நூலின் பொது விதிமுறையே சொல்கிறது. அற்பப் பாவத்துக்கு அது உதவும். சாவான பாவத்தோடு அதை மட்டும் சொல்லிவிட்டு நற்கருணை வரிசையில் நிற்கக் கூடாது.

கேள்வி: கொலை செய்தவன் வந்து சொன்னால் சாமியார் போலீசில் சொல்லமாட்டாரா?
– வாசகர், சேலம்

சொல்லக் கூடாது. சொல்லால் மட்டுமல்ல, சாடையாலும் காட்டக் கூடாது. தெரிந்துகொண்டதை வைத்து அந்த ஆளைப் பதவியிலிருந்து நகர்த்துவதுகூடக் கூடாது. நேரடியாக வெளியிட்ட குரு அந்த நொடியிலேயே திருச்சபைக்குப் புறம்பாகிறார். அதை நீக்கும் உரிமை உரோமைக்கு மட்டுமே. 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத் திருத்தத்தில், பாவசங்கீர்த்தனத்தைக் கருவியால் பதிவு செய்பவருக்கும் தண்டனை எழுதப்பட்டிருக்கிறது. செல்போன் காலத்துச் சட்டம்.

நம் நாட்டின் சாட்சியச் சட்டத்தில் வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் நடந்த பேச்சுக்கு வெளிப்படையான பாதுகாப்பு உண்டு. பாவசங்கீர்த்தனத்துக்கு அப்படித் தனிப் பிரிவு கிடையாது. கூண்டில் ஏற்றினாலும் குரு வாய் திறக்க முடியாது, பின்விளைவைச் சுமக்க வேண்டியதுதான். ‘போலீசில் சரணடைந்தால்தான் மன்னிப்பு’ என்று நிபந்தனை போடவும் கூடாது என்று 2019-இல் வத்திக்கானின் மன்னிப்பு நீதிமன்றம் தெளிவாக்கியது. சரணடையச் சொல்லி எவ்வளவு வேண்டுமானாலும் வற்புறுத்தலாம். கொடுமைக்கு ஆளான பிள்ளை வந்து சொன்னால், வெளியே யாரிடம் சொல்ல வேண்டும், சட்டத்தில் என்ன வழி என்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த ரகசியத்துக்காக உயிர்விட்டவர் என்று பிராகாவின் புனித ஜான் நெப்போமுக்கைக் காட்டுவார்கள். 1393-இல் அவரை ஆற்றில் எறிந்தது உண்மை. அரசியின் பாவசங்கீர்த்தனத்தைச் சொல்ல மறுத்ததற்காக என்பது மரபு. வரலாற்றாசிரியர்களோ, ஒரு மடத்துத் தலைவர் நியமனத்தில் அரசரோடு ஏற்பட்ட மோதலைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் இருந்த குருவின் நடத்தை சரியில்லை என்று பின்னால் தெரிந்தது. அவர் கொடுத்த மன்னிப்பு செல்லுமா?
– வாசகி, தூத்துக்குடி

செல்லும். 4-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்துக்காரர்கள் என்ற பிரிவினர் இதையே கேட்டுச் சபையை உடைத்தார்கள். அகுஸ்தினார் சொன்ன பதில் இன்றுவரை நிற்கிறது: செய்பவர் கிறிஸ்து, குருவின் கை அழுக்கு என்பதால் தண்ணீர் அழுக்காகாது. குருவின் நடத்தை அவர் கணக்கு.

செல்லாமல் போகும் இடங்கள் வேறே. குருப்பட்டம் மட்டும் போதாது, பாவசங்கீர்த்தனம் கேட்கும் அனுமதியும் அவருக்கு இருக்க வேண்டும். கற்புக்கு எதிரான பாவத்தில் குருவே கூட்டாளி என்றால், அந்தப் பாவத்துக்கு அந்த ஆளுக்கு அவர் கொடுக்கும் மன்னிப்பு செல்லாது (பிரிவு 977). சாவு ஆபத்து மட்டும் விதிவிலக்கு.

கேள்வி: ஆஸ்பத்திரியில் அப்பா கடைசி நிலையில் இருந்தார். பங்குத்தந்தை வெளியூர். பக்கத்து வார்டில் குருத்துவத்தை விட்டு வந்து குடும்பமாக இருக்கும் ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிடலாமா என்று தெரியாமல் விட்டுவிட்டோம்.
– வாசகர், திருச்சி

கூப்பிட்டிருக்கலாம். சாவு ஆபத்தில் இருப்பவருக்கு, அனுமதி இல்லாத குருவும் எந்தப் பாவத்திலிருந்தும் மன்னிப்பு கொடுக்க முடியும் (பிரிவு 976). அனுமதியுள்ள குரு பக்கத்திலேயே இருந்தாலும் செல்லும். அவரைக் கூப்பிடாததற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. குருவே கிடைக்காத இடத்தில், பின்னால் முடிந்தபோது பாவசங்கீர்த்தனம் செய்யும் தீர்மானத்தோடு வரும் உத்தம மனஸ்தாபமே சாவான பாவத்தையும் தீர்க்கும். தண்டனைக்குப் பயந்து வரும் வருத்தம் அல்ல, கடவுள்மேல் உள்ள அன்பால் வரும் வருத்தம்தான் உத்தம மனஸ்தாபம். இன்னொரு முறை யாருக்காவது இப்படி நேர்ந்தால், தலைமாட்டில் உட்கார்ந்து அந்த மந்திரத்தை அவர் காதருகே மெதுவாக, விட்டு விட்டுச் சொல்லுங்கள். பேச்சு நின்ற பிறகும் காது கேட்கலாம்.